ரெண்டு பச்சைக்கு எப்படி நீலக் குஞ்சு? மொட்டைமாடி பட்ஜி கூண்டில் போட்ட கணக்கு

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நாள் முழுக்க நிழல் விழுகிற மூலை ஒன்று உண்டு. அங்கே சும்மா கிடந்த இரும்புக் கூண்டில் விடுவதற்கு 500 ரூபாய்க்கு ஒரு பச்சை ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தேன். அதில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. (நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடுவது பட்ஜி, ஆஸ்திரேலியாக் காட்டுப் பறவை. அசல் லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். இனி பட்ஜி என்றே எழுதுகிறேன். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதை யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

ஆண், பெட்டை ரெண்டும் நல்ல பச்சை, மஞ்சள் முகம். ஒரு மண் பானையைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்றுவிட்டு ஒருநாள் கணக்கில் ஐந்து முட்டை வந்தது, ஒன்று கூழ்முட்டை, பதினெட்டாம் நாளிலிருந்து நாலு குஞ்சு பொரிந்தது. பன்னிரண்டாம் நாள் வாக்கில் இறகுக்குருத்து தோலுக்கு மேலே வந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்று பச்சை, ஒன்று நீலம். முகம் பால் வெள்ளை. பட்ஜி வாங்கித்தந்த நண்பர் சிரித்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரன் வந்துட்டுப் போயிருக்கான்" என்றார். கூண்டில் வேறு ஆணே கிடையாது, அக்கம்பக்கத்தில் யாரும் பட்ஜி வளர்க்கவும் இல்லை. கடையில் கேட்டால், "அது அப்படித்தான் சார், சில ஜோடிக்கு அடிக்கும், லக்கு" என்றார்கள்.

லக்கு என்றால் எத்தனை சதவீத லக்கு என்று கேட்கிற ஆள் நான். கணக்கு எழுதிப் பிழைப்பவன், பழக்க தோஷம்.

என் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பாடத்தில் மரபியலின் தந்தை மெண்டலின் பட்டாணி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டாள். புன்னட் கட்டம். அப்பாவிடம் இருக்கும் ரெண்டு காரணியை மேலே எழுதணும், அம்மாவுடையதை இடப்பக்கம் எழுதணும், பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி கட்டங்களை நிரப்பணும், அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் ஓங்கு பண்புக்கு (ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது) பெரிய ஆங்கில எழுத்தும் ஒடுங்கு பண்புக்கு (ரெண்டு பிரதி இருந்தால்தான் தெரிவது) சின்ன எழுத்தும் போடுவார்கள். தமிழில் பெரிசு சின்னது கிடையாது என்பதால் நாங்கள் பச்சைக்கு 'ப', நீலத்துக்கு 'நீ' என்று வைத்துக்கொண்டோம். நோட்டு முழுக்க இன்றுவரை அதுதான்.

பறவைக்கு ஒவ்வொரு குணத்துக்கும் ரெண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. 'ப' ஒன்றாவது இருந்தால் பறவை பச்சை. நீலமாகத் தெரிய ரெண்டும் 'நீ' ஆக இருக்க வேண்டும். எங்கள் நீலக் குஞ்சு 'நீநீ'. அதில் ஒரு 'நீ' அப்பன் கொடுத்தது, இன்னொன்று ஆத்தாள் கொடுத்தது, வேறு எங்கிருந்தும் வந்திருக்க முடியாது. அப்படியானால் பார்வைக்குப் பச்சையாக இருக்கும் ரெண்டுமே உள்ளுக்குள் 'பநீ'. வளர்ப்பவர்கள் இதைத்தான் ஸ்ப்ளிட் என்கிறார்கள். 'பச்சை ஸ்ப்ளிட் நீலம்' என்றால் வெளியே பச்சை, உள்ளே நீலத்தை ஒளித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பநீ, பநீ ரெண்டையும் கட்டத்தில் போட்டால் ஒரு பப, ரெண்டு பநீ, ஒரு நீநீ. அதாவது நாலில் மூன்று பச்சை, ஒன்று நீலம். கூண்டில் இருந்ததும் சரியாக அதுவே. மகள் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி குதித்தாள், எனக்கும் கொஞ்சம் புல்லரித்தது, உண்மையைச் சொன்னால்.

ஆனால் அந்த 3:1 சரியாக வந்தது தற்செயல் என்பது அடுத்த அடையிலேயே தெரிந்துவிட்டது. ஐந்து குஞ்சு, ஐந்தும் பச்சை. "கணக்கு தப்பாப் போச்சா?" என்றாள் என் மனைவி. தப்பில்லை. கட்டம் சொல்வது நாலு குஞ்சில் ஒன்று கட்டாயம் நீலம் என்றல்ல, ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாக நாலில் ஒரு வாய்ப்பு என்று. முன்னால் பொரிந்த குஞ்சு என்ன நிறம் என்று அடுத்த முட்டைக்குத் தெரியாது. ஐந்தும் பச்சையாக வர முக்காலை ஐந்து தடவை பெருக்க வேண்டும், அது சுமார் 24 சதவீதம். அதாவது நாலு அடையில் ஒரு அடை இப்படித்தான் இருக்கும். மூன்றாவது அடையில் தலைகீழாக, நாலு குஞ்சில் மூன்று நீலம், ஒன்றே பச்சை. இது கொஞ்சம் அபூர்வம், நாலில் மூன்றோ நாலுமோ நீலமாக வரும் வாய்ப்பு 5 சதவீதம்தான். மூன்றையும் கூட்டினால் 13 குஞ்சு: 9 பச்சை, 4 நீலம். எதிர்பார்த்தது 9.75, 3.25. பதின்மூன்று குஞ்சில் இதைவிட நெருக்கமாக வரக்கூடிய பிரிவு ஒன்றே ஒன்றுதான், 10க்கு 3.

மெண்டல் ஏன் ஆயிரக்கணக்கில் பட்டாணி எண்ணினார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய 1866ஆம் ஆண்டுக் கட்டுரையில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850, கிட்டத்தட்ட 2.96க்கு 1. பட்டாணியில் ஒரு காயை உடைத்தாலே ஏழெட்டு விதை. எனக்கு ஒரு குஞ்சுக்குப் பதினெட்டு நாள் அடை, அதற்குப்பிறகு ஐந்து வாரம் பானைக்குள் தாய்தகப்பன் ஊட்டல். வருடத்துக்கு ரெண்டு, மிஞ்சினால் மூன்று அடைக்கு மேல் விடக்கூடாது, பெட்டை ஓடாகத் தேய்ந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் பானையைக் கழற்றியே வைத்துவிடுவேன்.

சரி, நீலம் என்பது என்ன, அதில் எது இல்லாமல் போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. பட்ஜியின் உதிர்ந்த நீல இறகை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள், நீலம். அதையே டியூப் லைட்டுக்கு முன்னால் பிடித்து, வெளிச்சம் இறகின் பின்னாலிருந்து வருகிற மாதிரி பாருங்கள், நீலம் காணாமல் போய் அழுக்கு பழுப்பு தெரியும். நீலம் சாயமே இல்லை. இறகுக்குள் இருக்கும் நுண்ணிய பஞ்சு மாதிரி அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருகிற நிறம் அது; அதற்குப் பின்புலமாக மெலனின் என்ற கருநிறமி வேண்டும். அதன்மேல் மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. ஆக, பச்சை பட்ஜி என்பது நீலமும் மஞ்சளும் சேர்ந்தது. மஞ்சள் போனால் நீலம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்த மரபணுவையே பிடித்துவிட்டார்கள். மஞ்சள் நிறமியைத் தயாரிக்கும் ஒரு நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதனால் தயாரிப்பு நின்றுபோகிறது. இதைப் படித்தபிறகு 'ஓங்கு', 'ஒடுங்கு' என்ற சொற்களே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. ஒன்று இன்னொன்றை அடக்கி உட்காரவில்லை. வீட்டில் ரெண்டு அடுப்பில் ஒன்று கெட்டாலும் சோறு வெந்துவிடும், ரெண்டும் கெட்டால்தான் பட்டினி. 'பநீ' பறவையில் ஒரு நல்ல பிரதி போதுமான மஞ்சளைத் தயாரித்துவிடுகிறது, அதனால் பச்சை.

இதுவரை எல்லாம் சுகம். அடுத்து வந்ததுதான் தலைவலி.

நீலத்துக்கும் நீலத்துக்கும் சேர்த்தால் கட்டத்தில் நாலும் நீநீ, வேறு எதுவும் வர வழியே இல்லை. மரபியலில் நூறு சதவீதம் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய சில இடங்களில் இது ஒன்று. முதல் அடை நீலக் குஞ்சு ஆணாகி ஒரு வயது தாண்டியதும் அவனுக்கு ஒரு நீலப் பெட்டையைக் கடையில் வாங்கி வந்து, தனிக் கூண்டில் விட்டேன். நோட்டில் 'எல்லாம் நீலம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். ஒரு வாரத்திலேயே முட்டை. ஐந்து முட்டையில் நாலு பொரிந்து, இறகு வந்தபோது ரெண்டு பச்சை, ரெண்டு நீலம்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா. மெண்டல் பொய்யா, பட்ஜிக்கு மட்டும் தனிச் சட்டமா, அல்லது நான் நீலம் என்று நினைப்பது நீலமில்லையா. மகள்தான் கேட்டாள், "எந்த முட்டையிலிருந்து எது வந்துச்சுன்னு தெரியுமாப்பா?" தெரியும். முட்டை வந்த வரிசையில் பென்சிலால் நம்பர் போடுவது ஆரம்பத்திலிருந்தே வழக்கம் (பேனா, மார்க்கர் வேண்டாம், ஓட்டுக்குள் இறங்கும்). எந்த நாள் எந்த நம்பர் முட்டை பொரிந்தது என்பதும் நோட்டில் இருந்தது. எடுத்துப் பார்த்தால், 1, 2 பச்சை. 4, 5 நீலம். 3 கூழ்முட்டை.

புரிந்துவிட்டது. அந்தப் பெட்டை கடையில் முப்பது நாற்பது பறவை கலந்து கிடந்த பெரிய கூண்டிலிருந்து வந்தவள். பெண் பறவையின் உடம்பில் விந்தணுவைப் பல நாள் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் உண்டு. கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், சேவலைப் பிரித்தபிறகும் கொஞ்ச நாள் கருமுட்டை வரும். முதல் ரெண்டு முட்டைக்கு அப்பன் கடையில் இருந்த ஏதோ ஒரு பச்சை ஆண். நண்பர் சொன்ன 'பக்கத்து வீட்டுக்காரன்' ஜோக் ஒரு வருடம் கழித்து, வேறு ஜோடியில் பலித்திருக்கிறது. அடுத்த அடையில் ஐந்து குஞ்சும் நீலம், ஒரு சந்தேகமும் இல்லை.

இதிலிருந்து வைத்துக்கொண்ட விதி: வெளியிலிருந்து வரும் பெட்டை முதலில் தனியாக ஒன்றரை ரெண்டு மாதம் இருக்கட்டும். ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி. மொத்தமாக விட்டு வளர்க்கும் கூண்டில் இறகு நிறத்தை வைத்துத் தகப்பனைச் சொல்வதெல்லாம் கிளி ஜோசியம்தான்.

அப்புறம் எனக்கு ஒரு ஆசை. முதல் ஜோடியின் ரெண்டாவது அடையில் வந்த பச்சை ஆண் ஒன்று, நல்ல உருட்டுத் தலை, கம்பீரம். அவன் சுத்தப் பச்சையா, ஸ்ப்ளிட்டா? பார்த்தால் தெரியாது. 'பப', 'பநீ' ரெண்டும் ஒரே பச்சை. கட்டத்தில் மூன்று பச்சைக் கட்டம், அதில் ரெண்டு பநீ. ஆக அவன் ஸ்ப்ளிட்டாக இருக்க மூன்றில் ரெண்டு வாய்ப்பு. (இங்கே நிறையப் பேர் 'நாலில் ரெண்டு, ஐம்பது சதவீதம்' என்பார்கள். நீலமில்லை என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும், அந்த நாலாவது கட்டத்தை அடித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.)

நிச்சயமாகத் தெரிய ஒரே வழி சோதனைக் கலப்பு: ஒளித்து வைக்க எதுவுமே இல்லாத நீநீ பறவையோடு சேர்ப்பது. நீலப் பெட்டைக்கு ரெண்டு மாதம் ஓய்வு கொடுத்து, இவனோடு விட்டேன். இவன் பப என்றால் குஞ்சு எல்லாம் பச்சை. பநீ என்றால் பாதிக்குப் பாதி. முதல் அடையில் நாலு குஞ்சு, நாலும் பச்சை.

எனக்கு ஒரே குஷி. ஸ்ப்ளிட்டாக இருந்தால் நாலும் பச்சையாக வர 16இல் 1 வாய்ப்புதான். சரியாகப் பார்த்தால் அதுவும் முழுக்கணக்கு இல்லை. இவனைப் போல 48 ஆண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் 32 ஸ்ப்ளிட், 16 சுத்தம். ஸ்ப்ளிட் 32இல் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 2 பேருக்குத்தான் நாலும் பச்சை வரும். சுத்தமான 16 பேருக்கும் வரும். ஆக நாலு பச்சைக்கு அப்பன் ஆன 18 பேரில் 2 பேர் இன்னும் திருடர்கள். ஒன்பதில் ஒன்று. இந்தக் கணக்கை நானேதான் போட்டேன், போட்டுவிட்டு, ஒன்பதில் எட்டு நம் பக்கம்தானே என்று நோட்டில் பேனாவால் 'சுத்தப் பச்சை' என்று எழுதினேன். நண்பரிடம், "இவன் வம்சத்தில் நீலம் எட்டிப்பார்க்காது, வேணும்னா கொடுக்கிறேன்" என்று வாக்கும் கொடுத்தேன்.

ரெண்டாவது அடை. மூன்றாம் நம்பர் முட்டையிலிருந்து வந்தது நீலம்.

ஒரே ஒரு நீலக் குஞ்சு போதும், வழக்கு முடிந்தது. அதே சமயம், எத்தனை பச்சைக் குஞ்சு பொரிந்தாலும் 'சுத்தம்' என்பது முழுக்க நிரூபணம் ஆகாது, சந்தேகம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும், பூஜ்யம் ஆகாது. நண்பரிடம் போய் அசடு வழிந்தேன். நோட்டில் 'சுத்தப் பச்சை' மேல் போட்ட அடித்தல் கோடு அப்படியே இருக்கிறது. பறவை விற்கிற இடத்தில் யாராவது 'இது கியாரண்டியா ஸ்ப்ளிட் இல்ல சார்' என்றால் எத்தனை குஞ்சு எடுத்தீங்க, எதோட சேர்த்து எடுத்தீங்க என்று கேளுங்கள். அநேகமாகப் பேச்சு மாறும்.

இனி லுட்டினோ. எனக்கு இதில் பிடித்த பகுதி இதுதான்.

லுட்டினோ என்றால் முழு மஞ்சள் உடம்பு, சிவந்த கண். இங்கே நடப்பது நீலத்துக்கு நேர் எதிர். மஞ்சள் நிறமி இருக்கிறது, மெலனின் இல்லை. மெலனின் இல்லாததால் நீலம் தெரியப் பின்புலம் இல்லை, மஞ்சள் மட்டும் மிஞ்சுகிறது. கண்ணிலும் கருமை இல்லாததால் ரத்தச் சிவப்பு தெரிகிறது. இந்தக் குணத்தின் மரபணு, ஆணா பெட்டையா என்பதைத் தீர்மானிக்கிற பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, கதை அங்கேதான் சுவாரசியமாகிறது. மனிதரில் ஆணுக்குத்தான் பொருந்தாத ஜோடி, எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பறவையில் தலைகீழ். ஆணுக்கு இசட் ரெண்டு; பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. லுட்டினோ மரபணு இசட்டில் மட்டும். ஆகவே பெட்டையிடம் அதற்கு ஒரே பிரதிதான், அது கெட்டது என்றால் லுட்டினோ, நல்லது என்றால் இல்லை, ஒளித்து வைக்க இடமே கிடையாது. 'பெட்டை ஸ்ப்ளிட் லுட்டினோ' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் அப்படி ஒரு பறவை உலகத்தில் இல்லை.

இப்போது லுட்டினோ ஆணையும் சாதாரணப் பெட்டையையும் சேர்த்தால்? மகளாகப் பிறக்கும் குஞ்சுக்கு ஒரே இசட், அதை அப்பன்தான் தருகிறான், அதனால் மகள் எல்லாம் லுட்டினோ, சிவந்த கண். மகனுக்கு அப்பனிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து நல்லது ஒன்று, அதனால் மகன் எல்லாம் கருங்கண். ஆக பொரிந்த அன்றே, இறகு இல்லாத, கண் திறக்காத குஞ்சைப் பார்த்து ஆணா பெட்டையா சொல்லிவிடலாம். மூடிய இமைத்தோலுக்கு அடியில் கண் கருப்பாகப் புடைத்துத் தெரிகிறதா, வெளிர்ச் சிவப்பா என்பதுதான் கேள்வி. சாதாரணமாக பட்ஜியில் இது நாலைந்து மாதம் கழித்து, மூக்குத்துளையைச் சுற்றி இருக்கும் மெழுகு மாதிரியான சதை ஆணுக்கு நீலமாகவும் பெட்டைக்குப் பழுப்பாகவும் மாறும்போதுதான் உறுதியாகத் தெரியும். கட்டத்துக்குப் பெயர் கொடுத்த புன்னட்டே முதல் உலகப்போர் சமயத்தில் கோழிக்குஞ்சில் சேவல் பெட்டை பிரிக்க இதே மாதிரி பால் சார்ந்த இறகு நிறத்தைப் பயன்படுத்தலாம் என்று வேலை செய்தவர். அவரும் வாய்ப்பாடு மாதிரி நாலு கட்டம் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை.

கவனம், சேர்க்கையைத் திருப்பிப் போட்டால் பலிக்காது. பெட்டை லுட்டினோ, ஆண் சாதாரணப் பச்சை என்றால் மகனும் மகளும் எல்லாம் கருங்கண்தான், பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொன்று, சின்னமன் என்ற ரகத்துக் குஞ்சும் பொரிந்த ஓரிரு நாள் நாவல்பழ நிறத்தில் கண் காட்டும், அது பிறகு கருத்துவிடும். அந்த ரத்தம் கலந்த ஜோடியில் குழப்பம் வரும்.

ஒரு லுட்டினோ ஆண் வாங்கினேன். ஜோடிக்கு முதல் ஜோடியின் பச்சை மகள் ஒருத்தி. ஆறு முட்டை, ஒன்று கூழ், ஐந்து குஞ்சு. பொரியப் பொரிய நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்: சிவப்பு, கருப்பு, சிவப்பு, சிவப்பு, கருப்பு. எதிரே பெட்டை, ஆண், பெட்டை, பெட்டை, ஆண். எட்டாம் நாள் வாக்கில் அடையாள வளையம் மாட்டினேன். கடைசியாகப் பொரிந்த கருங்கண் குஞ்சு பதினோராம் நாள் செத்துப்போனது, மூத்ததற்கும் அதற்கும் பத்து நாள் வித்தியாசம், பானைக்குள் மிதிபட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அடி அகலமான பானையாகப் பார்த்து வாங்குகிறேன்.

மிச்சம் நாலு. ஐந்து மாதம் கழித்து மூக்கைப் பார்த்தேன், நாலும் எழுதியபடியே. அடுத்த அடையில் நாலு குஞ்சு, ஒன்று சிவப்பு, மூன்று கருப்பு, அதுவும் அப்படியே. மொத்தம் எட்டுக்கு எட்டு. குருட்டாம்போக்கில் ஆண், பெட்டை என்று சொல்லி எட்டும் சரியாக அமைய 256இல் 1 வாய்ப்பு. இந்தத் தடவை மனைவி கணக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்துத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆனால் கணக்கில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடுவில் புகுந்துவிட்டது. முதல் அடையின் மூன்று சிவப்புக்கண் குஞ்சில் ரெண்டு மஞ்சளாக வளர்ந்தது, மூன்றாவது மஞ்சளே ஏறாமல் பஞ்சு மாதிரி வெள்ளை. அல்பினோ! முதலில் நோயோ என்று பயந்தேன். பிறகு யோசித்தால் தெளிவாக இருந்தது: மெலனினும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஒரே பறவையில் லுட்டினோவும் நீலமும் சேர்ந்திருக்கிறது. அவளுக்கு 'நீநீ' வேண்டும் என்றால் அம்மா, அப்பா ரெண்டு பேருமே 'பநீ'. அம்மா பநீயாக இருக்க மூன்றில் ரெண்டு வாய்ப்பு என்று எனக்கு முன்பே தெரியும். கடையில் வாங்கிய லுட்டினோ அப்பனும் நீலத்தை ஒளித்து வைத்திருந்தான் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. மஞ்சளுக்கு அடியில் நீலம் இருக்குமென்று யாருக்குத் தோன்றும்?

மகள் இப்போது கல்லூரி போய்விட்டாள், போனில் கேட்டுவிட்டு எட்டுக் கட்டம் வரைந்து அனுப்பினாள். நீல மரபணுவும் லுட்டினோ மரபணுவும் வேறு வேறு குரோமோசோமில் இருப்பதால் ஒன்றையொன்று பாதிக்காது, வாய்ப்பைப் பெருக்கிக்கொள்ளலாம். பெட்டையாக இருக்கப் பாதி, நீநீயாக இருக்கக் கால், ஆக எட்டில் ஒன்று அல்பினோ பெட்டை. எட்டில் மூன்று லுட்டினோ பெட்டை, எட்டில் மூன்று பச்சை ஆண், எட்டில் ஒன்று நீல ஆண். அந்தப் படம் வந்த மறுவாரம்தான் ரெண்டாவது அடையின் கருங்கண் குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. மூன்றில் ஒன்று நீலம். இதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எல்லாக் குணமும் இப்படி இருக்கிறது / இல்லை என்று நடக்காது. பட்ஜியில் 'டார்க்' என்று ஒரு காரணி உண்டு, அதில் ஒரு பிரதி இருந்தால் வான்நீலம் கோபால்ட் ஆகும், ரெண்டு இருந்தால் மோவ் என்ற மங்கல் சாம்பல் நீலம். கோபால்ட்டுக்குக் கோபால்ட் சேர்த்தால் எல்லாம் கோபால்ட் வராது. கால் வான்நீலம், பாதி கோபால்ட், கால் மோவ். அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் ஒட்டினால் இளஞ்சிவப்பு வருகிறதே, அந்த மாதிரி. கோபால்ட் என் கூண்டில் இன்னும் இல்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அல்பினோ பெட்டைக்கு இப்போது ஒரு வயது. சோதனைக் கலப்புக்கு இவளைவிட நல்ல பறவை கிடையாது, நீலத்திலும் சரி லுட்டினோவிலும் சரி இவளிடம் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. முதலில் அந்த 'சுத்தப் பச்சை' ஆணோடு சேர்க்கலாமா என்று நினைத்தேன், பிறகு உறவுமுறை பார்த்தால் அவன் இவளுக்குத் தாய்மாமன். நம் ஊர்க் கல்யாணத்தில் முறைதான், பறவைக்கு வேண்டாம் என்று விட்டேன். மாமனும் அக்கா மகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறவர்கள், ஒளிந்திருக்கும் ஒடுங்கு குணங்கள் ரெண்டு பக்கமிருந்தும் சந்திக்க வாய்ப்பு கூடும். நீலம் சந்தித்தால் அழகு. வேறு ஏதாவது சந்தித்தால் குஞ்சு பானையை விட்டு வெளியே வராது. மனிதர்களுக்கும் மருத்துவர்கள் சொல்வது அதே காரணத்தைத்தான்.

ஆகவே நண்பரிடமிருந்து சம்பந்தமே இல்லாத ஒரு பச்சை ஆணை வாங்கி விட்டிருக்கிறேன் (வாக்குத் தவறிய கடனுக்கு நான் ஒரு நீல ஜோடி கொடுத்தேன்). அவன் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நீலக் குஞ்சு வந்தால் நீலம் ஸ்ப்ளிட். சிவந்த கண் ஒன்று வந்தால் லுட்டினோ ஸ்ப்ளிட். ஆனால் அம்மாவும் சிவந்த கண் என்பதால் இந்த ஜோடியில் கண்ணை வைத்து ஆண் பெட்டை சொல்ல முடியாது. எல்லாம் கருங்கண் பச்சை என்றால் இன்னும் ரெண்டு அடை பொறுக்க வேண்டியதுதான்.

நேற்று சாயங்காலம் டார்ச்சில் பார்த்தேன். ஐந்து முட்டை, மூன்றில் சிவப்பு நரம்பு ஓடுகிறது, ஒன்று கூழ், ஐந்தாவது முந்தாநாள் வந்தது, இன்னும் தெரியவில்லை. நோட்டில் ஆணின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.